யூனிட்டி டவ்: வழக்கிலிருந்து அமைச்சரவைக்கு

அன்புள்ள கலா,

வழக்கறிஞராக இருந்து அமைச்சரான ஆப்பிரிக்கப் பெண்களில் யாரை உன் சட்ட மாணவிகளுக்குப் பாடமாக வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். போட்ஸ்வானாவின் யூனிட்டி டவ்வை எடு. பதவிகள் கிடக்கட்டும், முதலில் அவர் போட்ட வழக்கை நடத்து.

அந்நாட்டின் 1984 குடியுரிமைச் சட்டம், 4ஆம் பிரிவு: பெற்றோர் மணமானவர்கள் என்றால் குழந்தைக்குத் தந்தைவழிக் குடியுரிமை; மணமாகாதவர் என்றால் தாய்வழி. டவ்வின் கணவர் அமெரிக்கர். திருமணத்துக்கு முன் 1979இல் பிறந்த குழந்தை குடியுரிமை பெற்றது. பின்னால் பிறந்த இரண்டும் சொந்த மண்ணில் அந்நியர்கள். அப்பாவின் வசிப்பு அனுமதியை நம்பித்தான் அவர்கள் அங்கே இருக்க முடியும். கல்யாணம் செய்துகொண்டதற்கே தண்டனை!

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு எவையெல்லாம் பாகுபாடு என்று அடுக்குகிறது: இனம், குலம், பிறப்பிடம், அரசியல் கருத்து, நிறம், மதம். அன்றைக்கு அதில் ‘பால்’ (ஆண், பெண் என்ற பேதம்) இல்லை. அது தெரிந்தே விடப்பட்டது, எங்களுடையது தந்தைவழிச் சமூகம் என்றது அரசுத் தரப்பு. லேசான வாதமில்லை. டவ் தரப்பு 3ஆம் பிரிவைப் பிடித்தது. அடிப்படை உரிமைகள் எல்லோருக்கும் உண்டு என்கிற அந்தப் பிரிவில் ‘பால்’ இருக்கிறது. அது கொடுத்ததை 15இன் மௌனம் பறிக்காது என்பது வாதம். 1991இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி. 1992 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வெற்றிதான், ஆனால் மூன்று நீதிபதிகள் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகள் பற்றிய, குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை மட்டும் தீர்ப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் பிள்ளைகள் வெளியே பிறக்காததால் அதில் வழக்குரிமை இல்லை. தனக்கு நேரும் பாதிப்பைத் தாண்டி நிவாரணம் கேட்டால் இப்படித்தான் வெட்டுப்படும். குடியுரிமைச் சட்டத்தைத் திருத்த 1995 ஆகிவிட்டது.

1998இல் நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து பூர்வகுடிகளான சான் மக்களை வெளியேற்றிய வழக்கில் 2006இல் மூன்று நீதிபதிகளும் தனித்தனியே தீர்ப்பு எழுதினார்கள். நிலத்தைப் பறித்தது தவறு என்பதில் டவ் பெரும்பான்மைப் பக்கம். தண்ணீர் முதலான சேவைகளை நிறுத்தியதும் சட்டவிரோதம் என்பதில் அவர் மட்டும் தனி.

2014 அக்டோபர் தேர்தலுக்குப் பின் சிறப்பு உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். தொகுதியில் நின்று வென்றவரல்ல, அதையும் சொல். கல்வித்துறையில் துணை அமைச்சர், பிறகு அமைச்சர், 2018இல் வெளியுறவு. வேடிக்கை என்னவென்றால், ஒருபாலீர்ப்பினரின் லெகபிபோ அமைப்பைப் பதிவு செய்ய அரசு மறுத்த வழக்கில் அமைப்புக்காக வாதாடியவர் அவர்தான். 2014 நவம்பரில் அமைப்பு வென்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போய் 2016இல் தோற்றது. அப்போது அவர் அதே அரசின் அமைச்சர்! நீதிபதியாக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதலாம். கூட்டுப்பொறுப்புள்ள அமைச்சரவையில் அதற்கு இடமில்லை. அவர் உள்ளே போனது சரியா என்று வகுப்பில் சண்டை வரும், வரட்டும். எனக்கு நீதிபதி டவ்தான் உயர்வாகத் தெரிகிறார்.

பயிற்சி வழக்கு நடத்தினால் கெட்டிக்கார மாணவியை அரசுத் தரப்பில் நிறுத்து. 15ஆம் பிரிவு வாதம் இரண்டு நீதிபதிகளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

அன்புடன்,
ரேவதி