கிணத்து வேலை முடிஞ்சுது: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நம்ம தெரு அண்ணன்மார் அக்காமார் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டு, கண் முகாம், தெரு லைட்டுக்கு மனு குடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, கணக்கை பொருளாளர் தனியா படிப்பாரு. நான் சொல்லப் போறது முழுக்க நம்ம உறைகிணறு வேலைய பத்தி தான், ஏன்னா அது இந்த வருஷத்தோட முடிஞ்சுது, அதை எப்படி முடிச்சோம்னு அடுத்து வர்ற நிர்வாகிகளுக்கு எழுத்துல இருக்கணும்.

2019 கோடைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு, லாரி எப்ப வரும்னு ராத்திரி முழுக்க குடத்தை வரிசையில வச்சுட்டு நம்ம பொம்பளைங்க தூங்காம இருந்தாங்க. மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டுல 2003லயே சொல்லியாச்சு, அப்ப போட்ட பைப்பு நம்ம தண்டையார்பேட்டை வீடுங்கள்ல இன்னும் நிக்குது, ஆனா பல வீட்ல அது நேரா கால்வாயில தான் போய் விழுந்துச்சு. அந்த பைப்பையெல்லாம் வடிகட்டித் தொட்டிக்கு திருப்பி, தெருக்கோடியில தூர்ந்து கிடந்த உறைகிணத்தை தூர் வாரி, அதுல கொண்டு போய் சேர்க்கறது தான் வேலை. 600 சதுர அடி மொட்டை மாடியில 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சா சுமார் 550 லிட்டர், அதாவது 35 குடத்துக்கு மேல. இத்தனையும் கண்ணு முன்னாடி கால்வாயில போச்சு.

நம்ம பக்கம் கடலோர மணல், தண்ணி சட்டுனு இறங்கும், அது ஒரு வரம். நல்ல தண்ணி எடை கம்மி, அடியில இருக்கற உப்புத்தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதக்கும், கடல் மட்டத்துக்கு மேல அது ஒரு அடி நின்னா கீழ ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அழுத்தி வைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அதே கணக்கு தலைகீழாவும் வேலை செய்யும், பெரிய மோட்டார் போட்டு ஒரே இடத்துல உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும். அதனால தான் கிணத்துல மோட்டார் வேணாம், வாளியும் அடிபம்பும் போதும்னு பொதுக்குழு முடிவு பண்ணுச்சு, அந்த முடிவ யாரும் தளர்த்தக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்.

வேலை முடிஞ்சதும் மேஸ்திரி கடைசி தவணை கேட்டாரு, நியாயம் தான், ஆனா முதல் பெரிய மழைய பாத்துட்டு தான் தருவோம்னு ஆரம்பத்துலயே பேசி எழுதி வச்சிருந்தோம். ஐப்பசியில மழை பிடிச்சப்ப நானும் ரெண்டு தம்பிங்களும் குடை பிடிச்சுட்டு வீடு வீடா போய் ஒவ்வொரு தொட்டியா மூடிய தூக்கி பாத்தோம், ஒரு இடத்துல பைப்போட வாட்டம் எதிர்பக்கம் சாஞ்சு தண்ணி வாசல்ல வழிஞ்சுது, இன்னொரு தொட்டியில ஜல்லி மேல மாடி அழுக்கும் வேப்பிலையும் படிஞ்சு தண்ணி இறங்கவே இல்ல. மேஸ்திரி மறுநாளே வந்து வாட்டத்தை சரி பண்ணிட்டாரு. வெயில்ல பாத்து பில்லு செட்டில் பண்ணியிருந்தா இது எதுவுமே தெரிஞ்சிருக்காது, இனிமே எந்த வேலைக்கும் இதே மாதிரி ஓட விட்டு பாத்து தான் பணம் குடுக்கணும்னு தீர்மானமாவே போடலாம். முதல் மழைத் தண்ணிய கிணத்துக்கு விடாம வெளிய தள்ற வால்வு ஒவ்வொரு வீட்லயும் இருக்கு, அதை திறந்து மூடறது யாருன்னு வீட்டுக்கு ஒரு ஆளை கேட்டு எழுதிகிட்டோம்.

தண்ணி தேறிச்சான்னு பாக்க பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஒன்னு வாங்கினோம், தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவி அது, எண்ணும் இறங்கிச்சு. ஆனா தெரு நம்பினது மீட்டர வச்சு இல்ல. கோடி வீட்டு அக்கா ஒரு சொம்பு கிணத்துத் தண்ணியில துவரம்பருப்ப போட்டு அடுப்புல வச்சு, விரல்ல நசுக்கி காட்டி, "பருப்பு வெந்துடுச்சுப்பா"ன்னாங்க, அன்னைக்கு சாயங்காலமே வாளி வரிசை ஆரம்பிச்சுடுச்சு. எந்த கிணறு எந்த மாசத்துல உவர்க்கும்னு அவங்களுக்கு நாப்பது வருஷமா தெரியும். அடுத்த வேலைய திட்டம் போடறப்ப பொம்பளைங்கள முதல் நாளே உக்கார வச்சு கேக்கணும், இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன்.

குழி மூடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு ஒரு பைல்ல வச்சிருக்கு, பாதாள சாக்கடை லைன் எங்க போகுது, கரண்டு கேபிள் எத்தனை அடி ஆழம்னு அதுலயே எழுதியிருக்கு. நம்ம தெருவுல பாதிக்கு மேல வாடகை குடித்தனம், ஆள் மாறிகிட்டே இருக்கும், அதனால தொட்டி கழுவற முறைய ஒரு தாள்ல எழுதி மீட்டர் பெட்டி பக்கத்துல ஒட்டியாச்சு, வீட்டுக்காரங்க கையெழுத்தும் வாங்கியாச்சு.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வீடுங்கள இந்த வேலையில சேர்க்கல, ஷீட்டு பழசாக ஆக நார் உதிரும், அந்த தண்ணிய குடிக்கற கிணத்துல விட மனசு வரல. அவங்களும் சந்தா கட்டினவங்க தான், அவங்களுக்கு தெருவுல தனி உறிஞ்சுகுழி போடற வேலைய புது நிர்வாகம் முதல்ல எடுக்கணும். மீதிப் பணத்தை வேற செலவுல கலக்காம தூர் வாரறதுக்குன்னே தனிக் கணக்குல போட்டிருக்கு. கிணத்து மூடி சாவி ஒன்னு தலைவர் வீட்ல, ஒன்னு கோடி வீட்டு அக்கா கிட்ட. புரட்டாசி பொறக்கறதுக்கு முன்னாடி ஜல்லிய எடுத்து கழுவணும், வர முடிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் பேர் குடுங்க.