வாத்தியார் வேலைதானே என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உன் பொண்ணு கவிதா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு பிஎச்டி சேர்ந்து, அப்புறம் என்னைப் போல எம்பிஏ கல்லூரியில் பாடம் நடத்தப் போவதாகச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, "வாத்தியார் வேலைதானே, நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், பொண்ணுக்கு நல்லதுதான்" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை நிறுத்திவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், நான் என்ன செய்கிறேன் என்று உன்னிடம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கவிதாவுக்கும் படிக்கக் கொடு.

போன தை மாதம் அவிநாசி கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது உன் மச்சினன் கேட்டது நினைவிருக்கிறதா? "வியாபாரம் சொல்லிக்கொடுக்கறீங்களே, ஒரு பெட்டிக்கடையாவது வெச்சு நடத்தியிருக்கீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கோபம் இல்லை. எங்கே போனாலும் கேட்கிற கேள்விதான் அது. சொந்தக்காரர்கள் எந்த ஷேர் வாங்கலாம் என்று கேட்பார்கள், சொல்லத் தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன பேராசிரியர் என்பார்கள். எங்கள் வளாகத்திலேயே இன்ஜினியரிங் துறைக்காரர்களில் சிலருக்கு, நாங்கள் பிபிடி போட்டுப் பேசிவிட்டுப் போகிறவர்கள் என்ற எண்ணம் உண்டு.

பந்தியில் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள். டாக்டர் வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. வசதி உள்ளவர் பணம் கட்டுவார், இல்லாதவருக்கு இலவசம், இரண்டு பேருக்கும் அதே டாக்டர்கள்தான். ஆபரேஷன் அறையில் ஒருவருக்கு முடிந்ததும் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், டாக்டரின் நேரம் வீணாகாது. ஹார்வர்டில் மார்க்கெட்டிங் பேராசிரியரான கஸ்தூரி ரங்கன் 1993இல் இதை ஒரு 'கேஸ்' ஆக எழுதினார். கேஸ் என்றால், ஒரு நிறுவனத்தில் உண்மையில் நடந்ததை, முடிவெடுக்க வேண்டியவர் முன்னால் அன்றைக்கு என்னென்ன கணக்கும் குழப்பமும் இருந்ததோ அப்படியே எழுதி, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று மாணவனிடம் கேட்பது. வெவ்வேறு நாடுகளில் மதுரையைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அதை எழுதவும், வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியை ஒழுங்காகக் கேட்கவும் மருத்துவமனை நடத்தியிருக்க வேண்டியதில்லை. பொறுமையாகப் பார்க்கவும், எண்களைப் படிக்கவும், எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்லவும் தெரிய வேண்டும். அது தனி வேலை, பழகவே பல வருடம் ஆகும்.

ஆனாலும் உன் மச்சினன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். எம்பிஏ முடித்த கையோடு விரிவுரையாளராகச் சேர்ந்து, ஒரு தொழிற்சாலைக்குள் முழுதாக ஒரு மாதம்கூட இருக்காமல் உற்பத்தி மேலாண்மை நடத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் மூன்று வருடம் ஸ்பின்னிங் மில்லில் காஸ்டிங், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கு பார்த்தேன், இன்றைக்கும் வகுப்பில் கைகொடுப்பது அந்த மூன்று வருடம்தான். நம் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு, யூனியன் கார்பைடு பேட்டரி தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை பார்த்த பிறகுதான் அகமதாபாத் ஐஐஎம்முக்குப் போனார், மிச்சிகனில் பேராசிரியர் ஆனதெல்லாம் அதற்கு அப்புறம். கவிதா ஐந்து வருடம் சப்ளை செயினில் இருந்துவிட்டு வருகிறாள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது நாலரை மணிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, பேராசிரியருக்கு 14. இதை மட்டும் பார்த்தால் நீ சொன்னது சரிதான். ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை எங்களுக்குப் பெரிய வேலை அட்மிஷன். ஒவ்வொருவர் கையிலும் நூற்றுக்கணக்கில் போன் நம்பர் கொண்ட பட்டியல் ஒன்று கொடுக்கப்படும், யாரோ ஒரு பிகாம் மாணவனைக் கூப்பிட்டு "தம்பி, எம்பிஏ சேர்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். முனைவர் பட்டம் வாங்கிய, ஐம்பது வயதான ஒரு மனுஷி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நாளுக்கு நாற்பது போன் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், பழனி. 60 சீட்டில் 35தான் நிரம்பியது என்றால் அடுத்த மாதமே ஆள் குறைப்புப் பேச்சு வந்துவிடும், ஏனென்றால் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது எம்பிஏ படிப்புக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ-யின் கணக்கு.

அது முடிந்தால் ஃபைல். கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் குழு வருகிறது, என்பிஏ குழு வருகிறது என்றால் பல வருடக் கணக்கைத் தோண்டி எடுத்து, எந்தப் பாடத்தின் எந்தக் கேள்வி எந்த நோக்கத்தை நிறைவேற்றியது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அந்த வாரங்களில் வகுப்புக்குப் படித்துக்கொண்டு போக முடியாது, பழைய குறிப்பை வைத்து நடத்துவோம். அந்தக் குற்ற உணர்வு வீட்டுக்கும் கூடவே வரும். ஆய்வுக் கட்டுரையும் அப்படித்தான், ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணிக்கை சொல்லிவிடுகிறார்கள், அதில் என்ன கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பூரைப் பற்றி உருப்படியாக ஒரு கேஸ் எழுத எனக்கு எட்டு மாதம் ஆனது, என் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு மார்க்குகூட இல்லை.

சம்பளம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் கவிதா தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நான் இப்போது இருக்கும் கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவருக்கு எல்லாம் சேர்த்தே அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதற்கு முன்பு இருந்த இடத்தில் சேரும்போதே என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், விலகும்போது திரும்ப வாங்க நாலு மாதம் அலைந்தேன். கொரோனா சமயத்தில் பாதிச் சம்பளம்தான். ஆன்லைனில் வகுப்பு முழுதாக நடந்தது. பேராசிரியர் என்றதும் ஐஐஎம்காரர்களின் கன்சல்டிங் வருமானத்தைத்தான் வெளியில் நினைக்கிறார்கள். எங்களில் பெரும்பாலோர் இருக்கும் இடம் அதுவல்ல.

பிறகு ஏன் இருக்கிறாய் என்று கேட்பாய். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அதைத்தான் நான் கேஸாக எழுதினேன், நீதான் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உன் அந்த வருடக் கணக்கை எனக்குக் காட்டினாய். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள், சாயம் போடத் துணி அனுப்பிவிட்டு ஷிப்மென்ட் தேதியை எண்ணிக்கொண்டிருந்த உன்னைப் போன்ற ஏற்றுமதிக்காரர்கள், பையரின் போன், வங்கித் தவணை, எல்லாவற்றையும் போட்டு மாணவர்களிடம் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் எல்லாரும் பட்டறை முதலாளி பக்கமே பேசினார்கள். அப்போது எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். 1992இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதையும், கிணறு கெட்டு அவள் தாத்தாவின் தென்னந்தோப்பு காய்ந்துபோனதையும் சொல்லிவிட்டு, "இந்த லாப நஷ்டக் கணக்கில் எங்கள் கிணறு எந்த வரியில் வருகிறது, சார்?" என்று கேட்டாள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த விவாதம் போல நான் என் மாணவப் பருவத்தில்கூடக் கேட்டதில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. 2008இல் அமெரிக்க வங்கிகள் விழுந்தபோது லாபத்தைத் தவிர வேறெதையும் பிசினஸ் ஸ்கூல்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று திட்டினார்கள், அடுத்த வருடம் ஹார்வர்ட் எம்பிஏ மாணவர்களே நேர்மைக்கு ஓர் உறுதிமொழி எழுதினார்கள். அந்தத் திட்டு எங்களுக்கு வேண்டியதுதான். அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேட்க வைக்காத வகுப்பைத் தகுதியான வகுப்பு என்று நான் நினைக்கவில்லை.

அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், 1972இல் தானாகவே பதவியை விட்டு இறங்கி, அதே இடத்தில் சாதாரணப் பேராசிரியராக இருந்தார். பிறகு ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். பேராசிரியர் என்ற சொல்லை யாராவது லேசாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

கவிதாவுக்கு நான் சொல்வது இதுதான். நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும், அது இல்லாமல் பிஎச்டிக்குள் இறங்க வேண்டாம். இடத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பார்த்துச் சேரட்டும், அவரிடம் முடித்த மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசட்டும். வேலைக்குப் போகும் கல்லூரி எதுவாக இருந்தாலும் ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்கவே கூடாது.

வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாம் ஆண்டுக்கு அதே திருப்பூர் கேஸ் நடத்துகிறேன். அவளை அனுப்பு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்தால் நீயும் வா, பிள்ளைகள் உன்னிடம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று போன தடவையே சொன்னார்கள். மதியம் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
ரங்கன்