போர்டு முதலில், கார்டு பிறகு

குன்னூர்
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த, புதுக் கம்ப்யூட்டருக்கான கடைக் கொட்டேஷனும் கிடைத்தன. போனில் பேசினால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும் என்று நீ எழுதியிருந்தது சரிதான். உன் வீட்டுச் சரிவில் சிக்னல் நிற்பதே பெரிய விஷயம். எழுதிவிட்டால் பாப்பாவும் படித்துப் பார்த்துக்கொள்வாள். அவள் ஊட்டிக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போய்வருகிறாள் என்று கேட்டதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிறாளாமே, கோத்தகிரிக் குளிரில்!

அரவேணுப் பக்கம் கரடி இன்னும் சுற்றுகிறதா? விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைத்த கதையைத் தங்கச்சி சொன்னாள். இங்கே கரடி இல்லை, காட்டெருமைதான். வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிடும், நாம் ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொன்னாலும் நகராது. மழைக்கு மேட்டுப்பாளையம் ரயில் பாதையில் மறுபடி மண் விழுந்து வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நீ எழுதியிருந்ததற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஃபேக்டரி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அந்த எண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 45,000 ரூபாய்க்குள், மானிட்டர் தனி, பாப்பா படிப்புக்கு, தம்பி விளையாட, உனக்கு இலைக் கணக்கு எழுத. கடைக்காரர் எழுதிக் கொடுத்திருப்பது: இன்டெல் ஐ3-12100எஃப் பிராசசர் (மெஷினின் மூளை), எச்610 போர்டு (எல்லாப் பாகமும் ஏறும் தாய்ப் பலகை), 16 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) ஒரே ஸ்டிக்காக, அப்புறம் "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று கொட்டை எழுத்தில் ஜிடி 730. இதை அப்படியே வாங்காதே. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பார்வைக்கு எடுப்பாக இருக்கும்படி பட்டியல் போடுவது கடைப் பழக்கம்.

அந்த ஐ3-யின் வாலில் ஒரு 'எஃப்' இருக்கிறது பார். உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது என்று அர்த்தம். திரையில் எதுவும் தெரிய வேண்டுமென்றாலே தனிக் கார்டு போட்டாக வேண்டும். எஃப் இல்லாத 12100-இல் யுஎச்டி 730 என்று கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. (கார்டும் 730, இதுவும் 730. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) ஆக பிராசசரில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதைவிட அதிகமாகக் கார்டில் போடச் சொல்கிறார்கள். அந்தக் கார்டு கெட்டுப்போனால் மெஷினே இருட்டு. வாரண்டிக்குக் கோயம்புத்தூர் இறங்கி ஏற வேண்டிய நமக்கு அது சின்ன விஷயமில்லை.

ஜிடி 730 என்பது 2014-இல் வந்த கார்டு. அதில் அதிகம் விற்கும் கெப்ளர் வகைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை, அதன் கம்பெனியான என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் "4 ஜிபி" என்று சொன்னால் வாங்குகிறவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. கார்டின் வேகத்தை அந்த எண் சொல்லாது. தொட்டி எவ்வளவு பெரிது என்பதோடு குழாய் எவ்வளவு தடிமன் என்பதையும் பார்க்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் 64 பிட் டிடிஆர்3 (பழைய வகை நினைவகம்) ஜிடி 730-இல் அந்தக் குழாய் வழியாக நொடிக்கு 14.4 ஜிபி போகும். டிடிஆர்4-3200 ராமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் நொடிக்கு 51.2 ஜிபி. தனக்கென்று நினைவகமே இல்லாமல் ராமைப் பங்கு போட்டுக்கொள்கிற உள் கிராபிக்சுக்கு, தனி நினைவகம் உள்ள அந்தக் கார்டைவிட மூன்று மடங்குக்கு மேல் அகலமான வழி கிடைக்கிறது. நாலைந்தாயிரம் கொடுத்து ஏன் பின்னால் போக வேண்டும்?

என் யோசனை இதுதான்: ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, நல்லதாக ஒரு பி550 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. கார்டு இப்போது வேண்டாம்.

5600ஜி-யில் 6 கோர் (வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). வேகா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கூலரும் பெட்டியிலேயே வரும். பாப்பாவின் பைத்தான், ஜாவா, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் தாராளம். தம்பி கேட்கிற வேலரன்ட் கேம் இதில் நன்றாகவே ஓடும். ஜிடிஏ 5 செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஆடலாம். புதிதாக வருகிற பெரிய கேம்கள் ஆடாது, அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடு. பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ராம் மட்டும் இரண்டு ஸ்டிக்காகவே வேண்டும். கடையில் "ஒரே 16 போட்டுக்குங்க, அப்புறம் இன்னொன்று சேர்த்துக்கலாம்" என்பார்கள். தனிக் கார்டு உள்ள மெஷினில் அது பெரிய குற்றமில்லை. உள் கிராபிக்ஸ் உள்ளதில் ஒரே ஸ்டிக் போட்டால் அந்த 51.2 பாதியாகிவிடும், கேம் ஓடுவது கண்ணுக்கே தெரிகிற மாதிரி மந்தமாகும். ஏஐ செர்வர்களுக்கு மெமரி நிறையப் போய் ராம் விலை ஏறிக்கிடக்கிற நேரம் இது. மனம் வராதுதான், இருந்தாலும் இதில் கை வைக்காதே. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கேபினெட்டில் பிடி. பளபளவென்று லைட் எரியும் ஃபேன்கள் கோத்தகிரிக்குத் தேவையே இல்லை. மே மாதத்திலேயே ஸ்வெட்டர் போடுகிற ஊர்!

இனி போர்டு. நீ கடிதத்தில் கார்டைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய், போர்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. கார்டை எப்போது வேண்டுமானாலும் செருகலாம், கழற்றலாம், விற்கலாம். போர்டை மாற்றுவதென்றால் மொத்தத்தையும் பிரித்துப்போட வேண்டும். எந்த பிராசசர் ஏறும், எந்த ராம் ஏறும், நாளைக்கு எந்தக் கார்டு ஏறும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. இனி அதற்குப் புதுத் தலைமுறை வராது. புதியது வேண்டுமென்றால் 2022-இல் வந்த ஏஎம்5 இருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டும்தான், போர்டும் விலை கூட. உன் 45,000-க்குள் அதை நுழைத்தால் வேறு எதையாவது வெட்ட வேண்டும். ஏஎம்4 முடிந்துபோன சாக்கெட் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நாலு வருடம் கழித்து 5600ஜி-யைக் கழற்றிவிட்டு எட்டு கோர் ரைசன் ஒன்றை அதே போர்டில் உட்கார வைக்கலாம். அதற்கு மேல் பாப்பா தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஏ520 என்று ஒரு போர்டு வகை இன்னும் மலிவாகக் கிடைக்கும். கை ரொம்ப இறுகினால் எடு, பாதகமில்லை. பி550-இன் பெருமையாகச் சொல்லும் பிசிஐஇ 4.0-ஐ (கார்டும் எஸ்எஸ்டியும் தகவல் அனுப்பும் வழி) 5600ஜி பயன்படுத்தாது, அது 3.0-தான். (அதனால் எஸ்எஸ்டி எனும் சேமிப்பகமும் 3.0 வேகத்துக்கான ஜென் 3 என்விஎம்இ போதும். ஜென் 4-க்குக் கூடுதல் காசு கொடுக்காதே.) பிறகு எதற்கு பி550 என்றால், அதில் ராமுக்கு நாலு ஸ்லாட் உள்ள போர்டுகள் எளிதாகக் கிடைக்கும், எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 இடம் பெரும்பாலும் இருக்கும், பிராசசருக்குக் கரன்ட் கொடுக்கிற பகுதியின் மேல் சூடு ஆற அலுமினியப் பட்டையும் பெரும்பாலும் இருக்கும். வாங்கும்போது போர்டின் பின்புறத்தையும் பார். உன் மைத்துனர் தருகிற பழைய மானிட்டரில் விஜிஏ இணைப்பு மட்டும்தான் என்றால், போர்டிலும் அது இருக்கிறதா, இல்லை எச்டிஎம்ஐ-தானா என்று அங்கேயே தெரிந்துவிடும். வைஃபை பெரும்பாலான மலிவு போர்டுகளில் இருக்காது. பிஎஸ்என்எல் ஃபைபர் பெட்டி அதே அறையில் இருப்பதால் லேன் கேபிள் போதும்.

அதே மைத்துனர் சொன்ன 12,000 ரூபாய் செட் வேண்டவே வேண்டாம். மூன்றாம் தலைமுறை ஐ5, "புது" எச்61 போர்டு. அந்தப் பிராசசர் பத்து வருடத்துக்கும் மேல் பழையது, போர்டு எங்கோ மறுபடி செய்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 வேண்டும். விண்டோஸ் 11-இல் டிபிஎம் இல்லாவிட்டால் வேலரன்ட் திறக்கவே திறக்காது. உபுண்டு போட்டு நிரல் மட்டும் எழுதுவதென்றால் ஓடும், ஆனால் அதற்காகப் புது மெஷின் என்று சொல்லி வாங்க முடியுமா?

எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் கேபினெட்டோடு சேர்ந்த எஸ்எம்பிஎஸ் என்று போட்டிருக்கிறது. அதை அடித்துவிட்டு, 80 பிளஸ் 'பிரான்ஸ்' (வெண்கலம், மின்சாரத்தை வீணாக்காத தரம்) முத்திரை உள்ள 450 அல்லது 550 வாட் தனியாக எழுதச் சொல். 8 பின் கார்டு இணைப்பு அதில் இருக்க வேண்டும். பிறகு கார்டு வாங்கும்போது அது கைகொடுக்கும்.

நம் ஊர் கரன்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மரம் சாய்ந்தால் மூன்று கிராமம் இருட்டு. கார்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 5600ஜி மட்டும் உள்ள மெஷின் வழக்கமான வேலையில் மானிட்டரோடு சேர்த்தும் 100 வாட்டைத் தாண்டாது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும், பாப்பா எழுதிக்கொண்டிருப்பதைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். 130 வாட் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டால் கேம் நடுவில் அதே யுபிஎஸ் திணறும். இடி மின்னல் நேரத்தில் யுபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடு, லேன் கேபிளையும் சேர்த்து.

ஓதம் இன்னொரு தொல்லை. வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கம்தான் வெளுத்து வாங்கும். ஓதம் ஏறுகிற வெளிச்சுவரை ஒட்டி கேபினெட்டை வைக்காதே, தரையிலும் வைக்காதே. நான் பார்க்கிற ஆபீஸ்களில் மழைக் காலத்தில் வாரக்கணக்காகப் போடாமல் கிடந்த மெஷின்தான் முதலில் மக்கர் செய்யும். ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி மெஷின்கள் எழுந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் அந்தச் சூடே உள்ளே ஈரத்தை அண்டவிடாது. தம்பிக்கு விளையாட இது நல்ல சாக்கு, அவனிடம் சொல்லாதே.

நாளைக்குக் கார்டு வாங்குவதானால் ஆர்எக்ஸ் 6400 மட்டும் வேண்டாம். அதற்கு பிசிஐஇ-யில் நாலு வழிதான். 5600ஜி-யோடு சேரும்போது 3.0 வேகத்துக்கு இறங்கி இன்னும் குறுகிவிடும். ஆர்எக்ஸ் 6600 மாதிரி எட்டு வழி உள்ளதாகப் பார்க்கலாம். கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைப் போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்ட வேண்டும். கார்டு ஓடவில்லை என்று எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இந்தக் கேபிள்தான்.

அசெம்பிள் செய்வதைப் பாப்பாவிடமே விடு. கடையில் கூடவே செய்து தருவார்கள்தான், ஆனால் படிக்கிற பிள்ளை ஒரு முறை தன் கையால் மாட்டினால் பயம் போய்விடும். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைப் போர்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைக்க வேண்டும், தானாக இறங்கும். இறங்காவிட்டால் திருப்பிப் பார்க்கணும், அமுக்கக் கூடாது. பொங்கல் விடுமுறையில் என்றால் நானே கோத்தகிரி வருகிறேன். தங்கச்சியிடம் அவரைக் குழம்பு வைக்கச் சொல்.

புதுக் கொட்டேஷன் வாங்கியதும் போட்டோ எடுத்து அனுப்பு. வெறும் "பி550 போர்டு" என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதே, கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் இருக்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் போடச் சொல், மூன்று வருட வாரண்டிக்கு அதுதான் கேட்பார்கள். கடைக்காரர் ஜிடி 730-ஐச் சும்மா தருகிறேன் என்றால் மட்டும் வாங்கிக்கொள். ஆபீசில் எனக்கு ஒரு பழைய மெஷினுக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் குன்னூர் மாப்ளே