பேர் தெரியாத 14 சிடிகள்

சிந்துபூந்துறை, திருநெல்வேலி,
ஐப்பசி மாதம்.

பிரியமுள்ள சிநேகிதருக்கு,

உம்ம கடிதம் போன வாரமே வந்துவிட்டது. காந்திமதி அம்மன் திருக்கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் நேற்றுத்தான் ஊருக்குப் போனார்கள், அதனால்தான் பதில் தாமதம். மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர், சந்தோஷம். எனக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அல்வாக் கடையைத் தாண்டும்போது மட்டும் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணில் கிடக்கிற சிடிகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம், எல்லாம் போனிலேயே கிடைக்கிறது என்று உம்ம மகன் சொல்கிறான் என எழுதியிருந்தீரே. பொறும் வேய். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு பண்ணும்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்த கதை உமக்குத் தெரியும். பீரோவையும் கேஸ் அடுப்பையும் பற்றித்தான் அப்போது போனில் புலம்பினேன். சிடி அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் தண்ணீருக்குள் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் நீர் வருத்தப்படுவீர். அதில் பாதி நாம் இரண்டு பேரும் டவுணில் கடை கடையாக ஏறி வாங்கியவை.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் ஒரே வண்டல். ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அலசி, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடம் போகிற போக்கிலேயே கீறல் விழுந்தால் படிக்கிற கருவி தடுமாறிவிடும், குறுக்கே விழுந்த கீறலை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அச்சிட்ட பக்கம்தான் நோஞ்சான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அலுமினியப் பூச்சு அந்த வார்னிஷ் மாதிரியான மெல்லிய மேல்தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. நாமோ இத்தனை வருஷமும் பளபளக்கிற பக்கத்தையே பொத்திப் பொத்தி வைத்தோம்.

கடையில் வாங்கிய அச்சு சிடிகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. பிழைக்காதது காகிதம். உறைக்குள் இருந்த தாள்கள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வண்டலைச் சுரண்டும்போது சில தட்டுகளின் மேல் இருந்த அச்சும் கூடவே வந்துவிட்டது. அப்படி 14 சிடிகள், பாட்டு இருக்கிறது, யார் என்ன பாடினார்கள் என்பது இல்லை.

அன்றைக்குத்தான் அலமாரியில் இருந்த 412 சிடிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இப்போது வருகிற லேப்டாப்பில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பியில் செருகுகிற தனி டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டேன். ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற இலவச மென்பொருள்தான் வேலையாள். சாதாரண பிளேயர், கீறல் வந்த இடத்தில் முன்னும் பின்னும் பார்த்து ஒட்டுப்போட்டு ஓட்டிவிடும், நமக்கும் தெரியாது. இது அப்படி விடாது. சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அப்புறம், ‘அக்யுரேட்ரிப்’ என்று இணையத்தில் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. இதே சிடியை உலகத்தில் வேறு யாராவது ஏற்றியிருந்தால், அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணும் நமக்கு வந்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டுச் சொல்லும். நம் ஊர்ப் பக்திப்பாடல் சிடிகளையும் வில்லுப்பாட்டு சிடிகளையும் யார் ஏற்றியிருக்கப் போகிறார்கள்? அவற்றை இரண்டு தடவை படிக்கவைத்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் சரி என்று வைத்துக்கொண்டேன். நல்ல சிடி ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கீறல் விழுந்த ஒன்று, காலையில் போட்டது சாயங்காலம் வரை உறுமிக்கொண்டே கிடந்தது.

எம்பி3 வேண்டாம் வேய். நம் காதுக்குக் கேட்காது என்று அதுவே முடிவுகட்டிச் சிலதைத் தூக்கிப் போட்டுவிடும், போட்டது திரும்பி வராது. நான் ‘ஃபிளாக்’ என்ற ஃபைல் வடிவத்தில் வைத்தேன். சிடியில் ஒரு மணி நேர இசை 635 எம்பி பிடிக்கும். ஃபிளாக் அதை ஏறக்குறையப் பாதியாக மடித்து வைக்கும், விரித்தால் ஒரு துளி குறையாது. காருகுறிச்சி அருணாசலம் நாகசுரத்தை ஏற்றியபோது ஒரு வேடிக்கை. அவர் 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் வாசிப்பெல்லாம் நம் ஊருக்கு ஸ்டீரியோ வராத காலத்தில் பதிவானது. சிடியில் இடது வலது இரண்டிலும் அதே ஒலியைப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுகொண்டு, ஃபிளாக் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்தது. அதனால் மற்ற சிடிகள் பிடித்த இடத்தில் பாதிதான் அவருக்கு ஆனது. மொத்தமும் சேர்த்து 120 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. ஹார்ட் டிஸ்க் இரண்டில் வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே, இன்னொன்று பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டு மாடியில். ஒருமுறை ஆற்றைப் பார்த்தவன் ஒரே இடத்தில் வைப்பானா?

இதுவரை சொன்னது எல்லாம் இயந்திரத்தின் வேலை. என் பிராணனை வாங்கியது பெயர் எழுதுகிற வேலைதான். ஒலி சிடிக்குள் ஃபைல் என்று எதுவும் கிடையாது, பெரும்பாலானவற்றில் பாட்டின் பெயரும் கிடையாது. எத்தனை பாட்டு, எது எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் இருக்கிறது. மென்பொருள் அந்த நீளங்களை வைத்து இணையத்தில் ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ மாதிரி ஒரு இடத்தில் விசாரித்து, யாரோ எழுதிவைத்த பெயரை வாங்கிவருகிறது. கந்த சஷ்டி சிடி ஒன்றுக்கு வாயில் நுழையாத ஜெர்மன் பாட்டுப் பெயர்கள் வந்து நின்றன. ஒரே வித்துவானை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள், கம்ப்யூட்டர் அவரை மூன்று ஆளாக்கி மூன்று இடத்தில் உட்காரவைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தமிழிலேயே எழுதினேன். ஃபிளாக் தமிழ் எழுத்தைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. மருமகனின் கார் ஸ்டீரியோவில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு வம்பு. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் ‘கலைஞர், ஆல்பம், பாட்டு’ என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் கச்சேரியை அதில் எப்படி அடைப்பது? பாடியவர், இயற்றியவர், ராகம், தாளம், வயலின், மிருதங்கம் எல்லாம் வேண்டாமா? நல்லவேளை, ஃபிளாக்கில் நமக்கு வேண்டிய கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ராகத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். இப்போது ‘கல்யாணி’ என்று தட்டினால் 31 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த 14 சிடிகளுக்கு இணையமும் கைவிரித்துவிட்டது. அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஒரு சிடி என்று அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் போட்டோம். ஆலாபனையின் முதல் இழுப்பிலேயே ராகத்தைச் சொல்லிவிடுவார். பாடுகிறவர் யார் என்பதில்தான் அவருக்கும் எனக்கும் சண்டை வரும், அதைத் தீர்க்க அவருடைய தம்பி வருவார், அவர் மூன்றாவதாக ஒரு பெயர் சொல்வார். 11 சிடிகள் முடிந்தன. மூன்று இன்னும் ‘தெரியாது’ என்ற பெயரிலேயே கிடக்கின்றன. இருபது வருஷமாக நான் ஒழுங்காகக் கேட்காத சிடிகள் வேய் அவை.

கேட்கிற ஏற்பாடு எளியதுதான். லேப்டாப்பில் ‘ஃபூபார்2000’ என்ற பாட்டு பிளேயர், அதிலிருந்து யுஎஸ்பி வழியாக, எண்களாக இருக்கிற பாட்டை ஒலி மின்னலையாக மாற்றுகிற ஒரு சின்ன டிஏசி பெட்டி, அங்கிருந்து நம் பழைய ஆம்ப்ளிபையர். விண்டோஸ் நடுவில் புகுந்து, சிடி ஒலியை அளந்து பதிந்த 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்தை 48 ஆக்கிவிடாமல் இருக்க, பிளேயரில் ‘வாசாபி எக்ஸ்குளூசிவ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலாபனை முடிந்து கிருதி தொடங்குகிற இடத்தில் இப்போது விக்கல் இல்லை. விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், அந்தச் சவத்தை நம்பாதீர்.

இனி, உம்மிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்தது. 2004-ல் தென்காசியில் உம்ம வீட்டுப் புதுமனை புகுவிழாவில் உம்ம அப்பா திருப்புகழ் பாடினாரே, அதைக் கேசட்டிலிருந்து டவுணில் ஒரு கடையில் கொடுத்து சிடியாக்கி எனக்கும் ஒன்று கொடுத்தீர். அது மேல்தட்டில் இருந்ததால் நனையவே இல்லை. ஆனாலும் கெட்டுக் கிடந்தது. இப்படி டிரைவில் போட்டு எழுதுகிற சிடியில், கடையில் வாங்குகிற அச்சு சிடி மாதிரி அச்சிட்ட குழி கிடையாது, ஒருவிதச் சாயத்தில்தான் லேசர் எழுதுகிறது. அந்தச் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் வெளுத்துவிடும். போதாததற்குக் கடைக்காரர் மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது ஓரத்தில் பெயர்ந்து, பூச்சையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. புது டிரைவ் படிக்கவே மாட்டேன் என்றது. பரணிலிருந்து பழைய டெஸ்க்டாப்பை இறக்கி அதன் டிரைவில் போட்டேன், அது படித்தது. சிடி உள்ளிருந்து ஓரத்துக்குப் படித்துக்கொண்டு போகும், இதில் கெட்டது ஓரம். ஏழு பாட்டில் முதல் ஐந்தும் சுத்தமாக வந்தன, ஆறாவதில் டொக் டொக்கென்று சத்தம், ஏழாவது வரவில்லை.

உம்ம பரணில் இதன் ஜோடி இருக்கும். அந்தக் கேசட்டும் இருக்கலாம். பேப்பர்க்காரர் வருவதற்குள் ஏறிப் பாரும். கிடைத்தால் எதுவும் செய்யாமல், முக்கியமாக ஸ்டிக்கரை உரிக்காமல், அப்படியே என்னிடம் கொடுத்தனுப்பும்.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், முதல் ஆறு பாட்டும் அதில் உண்டு. மூன்றாவது பாட்டில் அப்பா மூச்சு வாங்குகிற இடத்தில், பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “தொண்டை கட்டிக்கிடும், கொஞ்சம் சுடுதண்ணி குடிங்க” என்கிறது. உம்ம அம்மாவா, தென்காசி அத்தையா? கேட்டுவிட்டு எழுதும். அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

உம்ம,
சிந்துபூந்துறையான்