கற்றல் குறைபாடுள்ள மாணவனுக்கு மதிப்பீடும் தேர்வுச் சலுகையும் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அனுப்புநர்
எட்டாம் வகுப்பு மாணவனின் தாய்
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பொருள்: என் மகனின் கற்றல் குறைபாட்டைக் கண்டறிந்து உதவக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பீடி சுற்றும் தொழிலாளி. என் மகன் தமிழ் வாசிக்கும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பிப்போகும். ஒரு வரியை முடிப்பதற்குள் வியர்த்துவிடுவான். போர்டைப் பார்த்து எழுதினாலும் எழுத்துகள் விடுபடும்.

ஆனால் அவன் அக்கா வாசிக்கக் கேட்டால் பாடம் அப்படியே மனதில் நிற்கிறது. மின்னியல் பாடத்தை அவள் ஓர் இரவு வாசித்தாள். மறுநாள் கோயில் கொடைக்குக் கட்டியிருந்த சீரியல் செட்டைக் காட்டி, ஒரு பல்பு போனால் அந்த வரிசையே ஏன் அணைகிறது, வீட்டில் ஒன்று போனாலும் மற்றவை ஏன் எரிகின்றன என்று எனக்கு விளக்கினான். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பெயரும் சொன்னான். அதே பாடத்தில் வைத்த தேர்வில் அவனுக்கு 50-க்கு 7. விடைத்தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

பள்ளியில் கேட்டதற்கு, "கவனம் பத்தலை, டியூஷன் வைங்க" என்றார்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போது அவனே, "எனக்கு மண்டையில ஏறாதும்மா" என்கிறான். அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இத்தகைய பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்கிறது பிரிவு 16. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் தர வேண்டும் என்கிறது பிரிவு 17. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவற்றைப் பெறச் சான்றிதழ் வேண்டும். மகன் அந்த வகுப்புக்குப் போக இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை.

ஆகவே, வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறையின் வட்டார வள மையம் வழியாக அவனுக்கு மருத்துவ மதிப்பீடு செய்து சான்றிதழ் வழங்கவும், சிறப்புப் பயிற்றுநர் வாரம் இரண்டு நாளாவது அந்தப் பள்ளிக்கு வரவும் உத்தரவிட வேண்டுகிறேன். சான்றிதழ் வரும்வரை காத்திராமல் வகுப்புத் தேர்வுகளில் அவனிடம் வாய்மொழியாகவும் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டாம். அவன் கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும். அதே வகுப்பில் இதுபோல் திணறும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டுகிறேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதற்கு முன் நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்

இணைப்பு: அறிவியல் விடைத்தாள் நகல்