நண்டில் வருகிற 'டு'

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சினிமாவுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் ஆட்கள் உட்கார்ந்து உண்டாக்கிய மொழிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கட்டுரையாளர், எல்லா நாட்டாரும் பொதுவாகப் பேசட்டும் என்று உண்டாக்கிய எஸ்பெராந்தோவை 'யார் வாய்க்கும் எளிது' என்கிறார், கிளிங்கானை 'வாயில் நுழையாத ஒலிகள்' என்கிறார். யாருடைய வாய்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருஷம் கம்பாசிட்டர். மின்ட் பக்கம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் என்று ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி அடுக்கியவன். மொழியியல் படித்ததில்லை. கிளிங்கான் என் வீட்டுக்கு வந்தது பேரன் வழியாக. மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் 1984-இல் வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் படத்துக்காக, வேற்றுக்கிரகத்துப் போர்வீரர்கள் பேசுவதற்கென்று செய்த மொழி அது. பையன் போனில் பாடம் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர் நாக்கு நுனியை மேலே மடக்கு, இன்னும் மடக்கு, அண்ணத்தில் தொடு என்று ஒரே ஓர் எழுத்துக்காக அரைமணி நேரம் படாதபாடு படுத்துகிறார். அந்த எழுத்தை எப்போதும் பெரிய 'டி'யாகத்தான் (D) எழுத வேண்டுமாம், ஆங்கில 'டி' இல்லை என்று காட்டுவதற்கு. காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த நண்டை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, கையை எடுக்காமலேயே கேட்டாள்: "நண்டுன்னு சொல்றோமே, அந்த டு தானேடா? இதுக்கு ஒரு வாத்தியாரா?"

அதேதான். நண்டு, வண்டி, குண்டான் என்று நாள் முழுக்க நாம் சொல்லும் ஒலி. அது அமெரிக்கப் படக்காரர்களுக்கு வேறு கிரகத்து ஒலி.

எளிது என்று சொன்ன எஸ்பெராந்தோவுக்கு வருவோம். 1887-இல் சாமன்ஹாஃப் என்ற கண் டாக்டர் வெளியிட்டது. 28 எழுத்து, எழுத்துக்கு ஓர் ஒலி, உயிரொலி ஐந்தே ஐந்து, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில். ஒழுங்கு பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் 'அறிதல்' என்பதற்கு அதில் உள்ள சொல்லைப் பாருங்கள்: 'ஸ்த்ஸி-இ'. ஸ், த்ஸ் என்று இரண்டு மெய்யை முதலிலேயே ஒட்டிவைத்துத் தொடங்குகிறது. 1856-லிருந்து ரயில் போய்வரும் ராயபுரத்தில் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் 'இஸ்டேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். முன்னால் ஓர் இகரம் போட்டுக்கொண்டால்தான் நாக்கு நகரும். என் மனைவியிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தேன். 'இஸ்ஸி' என்றாள். அதற்கு மேல் முடியாது என்றாள்.

அதற்காகக் கிளிங்கான் நமக்கு அல்வா என்று சொல்லவரவில்லை. மீன் முள் தொண்டையில் மாட்டினால் காறுவோமே, அந்த இடத்தில் ஓர் எழுத்து உண்டு. நாக்கு நுனியைத் 'த்' போல வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் காற்றைச் சீறவிட வேண்டிய எழுத்து இன்னொன்று. பேரன் முயன்றபோது சட்டை நனைந்தது. (பாகுபலி வந்த 2015-இல் எங்கள் தெருப் பிள்ளைகள் மதன் கார்க்கியின் கிளிக்கி மொழியைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாக்கைச் சொடுக்கித் திரிந்தார்கள். அதுவே தேவலாம், எச்சில் தெறிக்கவில்லை.)

ஆனால் கிளிங்கான் விசித்திரமாக இருப்பதற்கு இந்த ஒலிகள் காரணமில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மனித மொழியில் இருப்பதுதான். காரணம், இல்லாத ஒலிகள். நம் க, ச, ட, த, ப வரிசை உள்வாயில் தொடங்கி உதட்டில் முடிகிறது, நடுவில் பள்ளம் கிடையாது. ஒக்ராண்ட் வேண்டுமென்றே பள்ளம் வெட்டியிருக்கிறார். நண்டில் வருகிற ட உண்டு, பட்டத்தில் வருகிற ட கிடையாது. அதன் இடத்தில் ஆங்கிலேயர் 'டீ' குடிக்கும்போது சொல்கிற ஒலியை வைத்திருக்கிறார். ககரமே கிடையாது! கிளிங்கான் என்ற பெயரையே கிளிங்கான்காரர்களால் சொல்ல முடியாது. அவர்கள் சொல்வது ஏறக்குறைய 'த்லிஙான்'. ஈய எழுத்தை அறை அறையாகப் போட்டுவைக்கும் கேஸில் ஏதோ ஓர் அறை காலி என்றால் கம்பாசிட்டர் கை அங்கே போய்ப் போய்த் திரும்பும். அந்த மொழியைக் கேட்கும்போது காதுக்கும் அப்படித்தான் ஆகிறது.

இப்போது என் குறை. கட்டுரையில் எல்லா உதாரணச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதனால்தான் வாயில் நுழையவில்லை. கிளிங்கானில் 'உண்மைத் தகவல்' என்பதற்குச் சொல் 'ஙோட்'. முதலில் ங, கடைசியில் நண்டின் ட. எங்கள் கேஸில் 'ங்' அறை வாரத்துக்கு ஒருமுறை காலியாகும், புள்ளியில்லாத 'ங' அறையில் தூசிதான் இருக்கும். கோயில் நோட்டீஸின் அடியில் 'இங்ஙனம், விழாக் குழுவினர்' என்று போடும்போது மட்டும் ஊதிவிட்டு ஒன்றை எடுப்போம். ஆனாலும் இரட்டைக் கொம்பு, ங, கால், ட், நான்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. உங்கள் கணினியிலும் இருக்கும். அடுத்த தடவை அப்படியே தமிழில் அடியுங்கள்.

இங்ஙனம்,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.