அழுத்த சென்சார் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வாசல் கதவுக்குச் சொந்தமாக மின்னணுப் பூட்டு செய்பவர்கள், எண் பலகைக்குப் பதில் அழுத்தும் தாளத்தையே சாவியாக்க நினைத்தால், நீங்கள் முதலில் நீட்டுவது எஃப்எஸ்ஆர் சென்சாரைத்தான், அதாவது அழுத்தினால் மின்தடை குறையும் மெல்லிய தகட்டை. மலிவானது, கூட ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும். சரி. ஆனால் அதை வெயிலிலும் மழையிலும் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் நீங்கள் வாய் திறப்பதில்லை.

எஃப்எஸ்ஆரின் இணைப்பு முனைகள் உள்ள வால் வழியாகக் காற்று போய்வர ஒரு சிறு இடைவெளி உண்டு. அதை அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று அளவைக் கெடுக்கும். திறந்து விட்டால் ஈரம் ஏறும். தொடாதபோது மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டிய மின்தடை ஈரத்தால் இறங்கினால், யாரோ விரல் வைத்ததாகவே பூட்டை இயக்கும் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து எடை அளக்கும் லோட் செல்லையும், அதன் அளவை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகையையும் காட்டுகிறீர்கள். 24 பிட் துல்லியம் கதவுக்கு எதற்கு? விரலின் எடை யாருக்கும் வேண்டாம். எப்போது அழுத்தினார், எப்போது விட்டார், அவ்வளவுதான்.

அதற்கு, ஒலியெழுப்பும் பஸ்ஸரில் வரும் பியெசோ வட்டு (அழுத்தினால் மின்துடிப்பு தரும் பீங்கான்) போதும். துளையே இல்லாத எஃகுத் தகட்டின் பின்புறம் ஒட்டிவிட்டால் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் நுழைய வழியில்லை. அது மாற்றத்தை மட்டுமே உணரும். ஆனால் அழுத்தும்போது ஒரு துடிப்பும் விடும்போது எதிர்த்துடிப்பும் வருவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை எண்ணிவிடலாம். ஓங்கித் தட்டினால் பல பத்து வோல்ட் எகிறும், எனவே மின்னழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத ஒரு ஜீனர் டயோடு கட்டாயம். வெயில் சூட்டிலும் அந்தப் பீங்கானில் மின்னூட்டம் சேரும். இணையாக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அது மெதுவாக வடிந்துவிடும். இதையெல்லாம் பொட்டலத்தில் நாலு வரியாக அச்சிடக் கூடாதா?

தூசியும் தண்ணீரும் புகாமைக்கான ஐபி67 என்ற தரக்குறியீட்டைப் பெரிதாகப் போடுகிறீர்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் சோதனை. வருடக்கணக்கான வெயிலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அப்புறம், உங்கள் மாதிரிப் படங்கள். சென்சாரும், பூட்டுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயும் ஒரே பெட்டியில், கதவுக்கு வெளியே! மூடியைக் கழற்றி இரண்டு ஒயர்களைச் சேர்த்தால் பூட்டு திறந்துவிடும். வெளியே சென்சார் மட்டும் இருக்கட்டும். ஒயரை வெட்டினாலும் ஷார்ட் செய்தாலும் தெரியும்படி அதன் சென்சார் பக்க முனையில் ஒரு ரெசிஸ்டர் வையுங்கள். மின்சாரம் போனாலும் உள்ளிருப்பவர் கையால் திறந்து வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள். லேபிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; படத்தை இப்போதே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்